மேயரின் பெயரும் பிள்ளைகளின் மைதானமும்

ஒரு நகரத்தின் பெயர்ப்பலகைகளும் அந்நகரத்து மக்களுக்காக எழுதப்பட்ட ஒருவகை இலக்கியமே. வீதிக்கு இடப்படும் பெயரும், பாடசாலைக்கு இடப்படும் பெயரும், விளையாட்டு மைதானத்தின் வாயிலில் பொறிக்கப்படும் பெயரும் வெறும் அடையாளங்கள் அல்ல. யாரை நினைவில் வைத்திருக்க வேண்டும், யாரை மறந்துவிடலாம் என்று அதிகாரத்தில் இருப்போர் வழங்கும் தீர்ப்புகள் அவை. கவிதைத் தொகுதிகளையும் நாவல்களையும் எடை போட்டுப் பார்க்கும் நமது விமர்சகர்கள் இத்தீர்ப்புகளை மட்டும் வாசிக்காது கடந்து செல்வது ஏன் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. வட கொழும்பின் பெரிய விளையாட்டரங்கு ஒன்று பற்றி இங்கே சில சொல்லத் துணிவது அந்த எண்ணத்தினால்தான்.

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் மட்டக்குளி கிடக்கிறது. அங்கிருந்து தெற்கு நோக்கி வருவோர் முகத்துவாரத்தையும் அளுத்மாவத்தையையும் கடந்து கொட்டாஞ்சேனையை எட்டுகின்றனர். துறைமுகத்திலும் களஞ்சியங்களிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உடலுழைத்து வாழும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்று பழகிய வட்டாரம் இது. இவ்வட்டாரத்தின் விளிம்பில், புளூமெண்டல் பக்கமாக, நிமிர்ந்து நிற்கிறது சுகததாச விளையாட்டரங்கு. ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய கலரிகள், ஓட்டத் தடங்கள், நடுவே உதைபந்தாட்டத் திடல், அருகே ஓர் உள்ளக அரங்கு என யாவும் அங்குண்டு. கொழும்பின் முன்னாள் மேயரும், பாராளுமன்றத்தில் வட கொழும்பின் பிரதிநிதியாக இருந்தவரும், 1965 முதல் 1970 வரை ஆட்சி செய்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் விளையாட்டுத் துறையை ஏற்ற அமைச்சருமான வி. ஏ. சுகததாசவின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது.

அந்தப் பெயர் பொருந்தாப் பெயர் என்று நான் வாதாட வரவில்லை. அவர் நமது அரசியல் முகாமைச் சேர்ந்தவரல்லர். ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். ஆயினும் விளையாட்டை அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகக் கருத வைத்தவர்களுள் ஒருவர் என்பதை மறுப்பது நேர்மையாகாது. அவரது பெயரைத் தாங்கிய அரங்கில் 1991ஆம் ஆண்டும் 2006ஆம் ஆண்டும் தெற்காசிய விளையாட்டு விழாக்கள் நடைபெற்றன. 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது. 1995இல் தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் இலங்கை வென்றதும் இங்கேதான். உதைபந்தாட்டத்தில் நமக்கு வாய்த்த பெரு வெற்றிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. மேயர் என்பவர் யார்? நாட்டின் தலைவரல்லர், படைத் தளபதியல்லர். குப்பை அள்ளுவது, குழாயில் நீர் வருவது, தெரு விளக்கு எரிவது, பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவது ஆகிய அன்றாட வாழ்வின் சிறு காரியங்களுக்குப் பொறுப்பானவர். நகர பிதா என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதியது வெறும் மரியாதைக்காக அன்று. அப்படிப்பட்ட ஒருவரின் நினைவாக எழும் அரங்கு அந்த நகரத்தாருக்கு, அதிலும் அதன் மதிலோடு ஒட்டி வாழ்பவர்களுக்கு, எவ்வளவு தூரம் சொந்தமாக இருக்கிறது? இன்று இவ்வரங்கு மாநகர சபையின் உடைமையே அன்று. 1999ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் நிறுவப்பட்ட தேசிய அதிகாரசபையின் கீழ் அது இயங்குகிறது. மேயரின் பெயர் மட்டும் வாயிலில் நிற்க, மேயர்கள் வழிவழியாக வகித்த சபைக்கு உள்ளே அதிகாரம் இல்லை. இந்த முரணை எவரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் கருதவில்லை. ஆனால் திட்டமிடாமல் நிகழ்பவைதான் ஒரு சமுதாய அமைப்பின் போக்கை நமக்கு நன்றாகக் காட்டுகின்றன.

உள்ளக அரங்கின் கதையோ இன்னும் தெளிவானது. பெருங்கட்சிகளின் மாநாடுகள் அங்கே நடப்பது வழக்கமாகிவிட்டது. 2019 ஆகஸ்ட் 11ஆம் நாள் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதி வேட்பாளராக அறிவிக்கப்பட்டது அந்தக் கூரையின் கீழேதான். அன்று நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் பஸ் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினர். அயல் தெருக்களில் பந்து உருட்டிக்கொண்டிருந்த சிறுவர்கள் ஒதுங்கி நின்றார்கள் என்று சொல்வதற்குச் சாட்சி தேவையில்லை. தெருவில் விளையாடுபவன் பெரிய வண்டி வந்தால் ஒதுங்கித்தானே ஆகவேண்டும்.

அரங்கைச் சுற்றியுள்ள நிலத்தின் பெயரையும் சற்று நோக்குவோம். புளூமெண்டல் என்பது ஒல்லாந்தர் இட்டுச் சென்ற பெயர். பூக்களின் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். அந்தப் பூப்பள்ளத்தாக்கில்தான் பல்லாண்டுகள் கொழும்பு தன் குப்பையைக் கொட்டி மலையாக்கியது. பின்னர் அக்குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வசதி படைத்தோர் வாழும் கொழும்பு ஏழில் ஒரு குப்பை மேடு எழுந்ததில்லை. சர்வதேசப் போட்டிக்கு வரும் விருந்தினருக்கு ஓட்டத் தடமும், வட கொழும்பின் குடும்பங்களுக்குக் குப்பை மணமும் என்று பங்கீடு நடந்தது. ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில்.

'வத்தை' என்றும் 'தோட்டம்' என்றும் கொழும்பில் வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு மைதானம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. ஒழுங்கைதான் மைதானம். ஒரு பக்கம் கழிவுநீர்க் கான், மறுபக்கம் வீட்டு வாசற்படிகள். பந்து கானுக்குள் போனால் ஆட்டமிழப்பு; ஆச்சியின் வீட்டுக்குள் போனால் ஆட்டமே முடிவு. வளைந்து அடிக்க இடமில்லாதபடியால் நேராக அடிக்கக் கற்றார்கள். இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இடம்தான் ஆட்டத்தின் இலக்கணத்தை வகுக்கிறது. 2010க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை தெமட்டகொடை, முகத்துவாரம், மட்டக்குளி முதலிய இடங்களில் பன்மாடிக் கட்டடங்களை எழுப்பித் தோட்டவாசிகளை அவற்றுள் குடியேற்றியது. தலைக்கு மேல் ஒழுகாத கூரை கிடைத்தது. அதன் அருமையை அறியாதவன் நானல்லன். ஆனால் ஒழுங்கை போய்விட்டது. பன்னிரண்டாம் மாடியில் மின்தூக்கிக்கும் படிக்கட்டுக்கும் இடையே உள்ள நடைபாதையில் எந்த ஆட்டத்தை ஆடுவது? கீழே இறங்கி வந்தால் வாகனத் தரிப்பிடம். மகளை அவ்வளவு தூரம் தனியே கீழே அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். ஆண் பிள்ளையாவது எங்கேனும் ஓடிப் போய்விடுவான். பெண் பிள்ளையின் விளையாட்டு பத்து வயதோடு முடிந்துபோகிறது. வீடமைப்புத் திட்டம் தீட்டியவர்கள் சதுர அடிகளைக் கணக்கிட்டார்கள். மாலை நான்கு மணியை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர் ஒருவர் குறுக்கிடக் கூடும். வயிற்றுக்கு வழியில்லாதவனிடம் மைதானம் பற்றிப் பேசுவது என்ன நியாயம் என்று அவர் கேட்பார். விளையாட்டுப் பித்து மக்களின் கவனத்தைப் போராட்டத்திலிருந்து திருப்பும் ஒரு மயக்கமருந்து என்றும் சேர்த்துக்கொள்வார். இந்தக் கருத்து நம்மிடையே பலகாலமாக வேரூன்றிய ஒன்று. நமது சிறுகதைகளிலே தொழிற்சாலை உண்டு, தேயிலைத் தோட்டம் உண்டு, கோயில் வாசல் உண்டு. மைதானம் அரிதினும் அரிது. ஏன்? மைதானத்தை நாம் வர்க்கங்களின் களமாகக் கண்டதில்லை. பொழுதுபோக்கின் மூலை என்று ஒதுக்கிவிட்டோம்.

அப்படி ஒதுக்காத ஒருவர் உலகின் மறுகோடியில் இருந்தார். ட்ரினிடாட் தீவில் பிறந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், ஹெயிட்டித் தீவின் அடிமைப் புரட்சியின் வரலாற்றை 1938இல் எழுதியவர். அவரே 1963இல் துடுப்பாட்டத்தைப் பற்றி 'பியோண்ட் எ பவுண்டரி' என்ற நூலை வெளியிட்டார். ட்ரினிடாட்டின் துடுப்பாட்டக் கழகங்கள் தோலின் நிறத்தின்படி படி வைத்து அடுக்கப்பட்டிருந்ததை அதிலே அவர் விவரிக்கிறார். வெள்ளைச் செல்வந்தருக்குக் குவீன்ஸ் பார்க். அந்தக் கழகத்தின் கைகளில்தான் தீவின் தலைமை மைதானமும் இருந்தது. மாநிற நடுத்தர வர்க்கத்துக்கு மேப்பிள். கறுப்பு ஆசிரியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஷானன். அடிமட்ட உழைப்பாளருக்கு ஸ்டிங்கோ. இளம் ஜேம்ஸ் ஷானனுக்குப் போகாமல் மேப்பிளில் சேர்ந்தார். தமது அரசியல் வளர்ச்சியை அந்தத் தெரிவு பல ஆண்டுகள் பின்தள்ளிவிட்டதென்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். தன் தவறை இவ்வளவு வெளிப்படையாக ஆராய்ந்த துடுப்பாட்ட நூல் வேறில்லை என்பது என் எண்ணம்.

ஜேம்ஸின் அளவுகோலைக் கொழும்பிலே வைத்துப் பாருங்கள். 1832இல் ஐரோப்பியரின் கொழும்புக் கழகம். 1872இல் மலாயர் கழகம். 1896இல் பறங்கியர் கழகம். 1899இல் தமிழ் யூனியன்; அதே 1899இல் சிங்களவர் விளையாட்டுக் கழகம். 1908இல் சோனகர் கழகம். எந்த வகுப்பையும் சேராதது என்ற பொருளில் 1888இல் தொடங்கிய நொன்டிஸ்கிரிப்ட்ஸ் ஒன்றுதான் பெயரளவிலேனும் விதிவிலக்கு. ஏகாதிபத்தியம் நம்மை இனம் இனமாகப் பிரித்து எண்ணிய விதம் அப்படியே பெவிலியன்களாக எழுந்து நின்றது! ஆனால் உழைப்பாளர்களின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பாருங்கள். கொம்பனித்தெருவின் புகழ்பெற்ற அணிக்குப் பெயர் ஜாவா லேன். ஓர் ஒழுங்கையின் பெயர். மேட்டுக்குடியினர் கழகத்துக்கு இனத்தின் பெயரை இட்டார்கள்; ஏழைகள் தாம் குடியிருந்த தெருவின் பெயரை இட்டார்கள். அத்தெருவில் யார் பிறந்தாலும் அந்த அணியில் ஆடலாம் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

தமிழர் பெருமை பேசுவோர் இங்கே பி. சரா மைதானத்தை நினைவூட்டுவார்கள். நினைவூட்டட்டும், அந்தக் கதையையும் முழுமையாகச் சொல்லுவோம். சர்வசன வாக்குரிமை வந்த 1931ஆம் ஆண்டில் வட கொழும்பு மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பியது டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவை. தேர்தல் வழக்கொன்றில் அவர் ஆசனத்தை இழந்தபோது, 1932 இடைத்தேர்தலில் அதே மக்கள் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்துவைத் தெரிந்தனர். அச்சபையில் அமர்ந்த இரண்டாவது பெண்மணி அவர். 1937இல் டாக்டர் சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். சிங்களத் தொழிலாளரும் முஸ்லிம் வியாபாரிகளும் கலந்து வாழும் ஒரு தொகுதி ஒரு தமிழ் மருத்துவரையும் அவர் மனைவியையும் தங்கள் குரலாக ஏற்றது அன்று ஒரு விந்தையாகத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது. இடையே என்ன நடந்தது என்பது வாசகர் அறிந்ததே.

அந்த முதல் மேயரின் பெயர் கொட்டாஞ்சேனையில் ஒரு வீதிக்கு உண்டு. மைதானத்தின் வாயிலில் இருப்பது அவருடைய சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர். அவர் சிவில் சேவை அதிகாரி. 1948இல் அமைந்த துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். வனாத்தமுல்லையில் தமிழ் யூனியனின் இல்லமாக விளங்கிய கொழும்பு ஓவல், 1977இல் அவர் பெயரைப் பெற்றது. 1948இல் பிரட்மனின் அணி வந்து ஆடிய மைதானம் அது. ஆடுகளம் இரண்டு யார் குறைந்திருந்ததென ஆட்டத்தின் போதுதான் கண்டுபிடித்தார்களாம். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் அங்கே நடைபெற்றது. 1985இல் முதலாவது டெஸ்ட் வெற்றியும் அங்கேயே கிட்டியது. பெருமைக்குரியவைதாம். ஆயினும் 1983 ஜூலை 24 இரவு, அம்மைதானத்துக்கு வெகு தொலைவில்லாத பொரளை கனத்தை மயானத்தருகே மூண்ட தீ கொழும்புத் தமிழரின் வீடுகளைத் தேடி வந்தபோது, டெஸ்ட் மைதானத்துக்கு ஒரு தமிழரின் பெயர் இருந்தது எவரையும் காக்கவில்லை. வாயிலில் உள்ள பெயர் ஓர் இனத்துக்கு வழங்கப்பட்ட சலுகை என்று மகிழ்ந்தோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். வனாத்தமுல்லையின் குடிசைப் பிள்ளைகளுக்கும் அந்த ஓவலுக்கும் இடையே இருந்த மதில், சுகததாச அரங்கின் மதிலைவிடத் தாழ்ந்ததாக இருந்ததுமில்லை. கழகத்தின் வாசலில் இனத்தைக் கேட்பதை நாளடைவில் நிறுத்தினார்கள். சந்தாப் பணத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை.

இடதுசாரிகளாகிய நாமும் இந்த விசாரணையிலிருந்து தப்ப முடியாது. 1954 முதல் 1956 வரை கொழும்பின் மேயராக இருந்தவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் டாக்டர் என். எம். பெரேரா. அதே என். எம். 1968 தொடக்கம் சில ஆண்டுகள் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவராகவும் விளங்கினார். உலகத் துடுப்பாட்ட வரலாற்றில் ஒரு மார்க்சியர் அத்தகைய பதவியில் அமர்ந்தது மிக அரிய நிகழ்ச்சி. மேயர் ஆசனம், துடுப்பாட்டச் சபை, பின்னர் நிதியமைச்சு என மூன்று சாவிகளும் ஒருவர் கைக்கு வந்தன. கழகங்களின் கதவுகள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குத் திறந்தனவா? திறந்தன என்று சொல்வதற்கில்லை. ஆட்டத்தை அவர் உண்மையாகவே நேசித்தார் என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும் ஆட்டத்தை நேசிப்பது வேறு. ஆட்டத்துக்கான நிலத்தைப் பங்கிடுவது வேறு. இன்று பொரளையில் பழைய கொட்டா வீதி அவர் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. வாகன நெரிசல் மிகுந்த வீதி.

நகர சபை ஒன்று வேறுவிதமாகவும் சிந்திக்கலாம் என்பதற்குச் சான்று தேடி வெகு தூரம், வியன்னா வரை செல்ல நேர்கிறது. வட கொழும்பு முதன்முறையாக எல்லோரும் வாக்களித்த 1931 ஜூன் மாதத்துக்கு அடுத்த மாதம், சமூக ஜனநாயகவாதிகள் ஆண்ட அந்நகரத்தில் பிராட்டர் அரங்கு திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் நின்று உழைத்தவர் ஜூலியஸ் டாண்ட்லர் என்ற மருத்துவர். நகர சபையில் மக்கள் நலத்துறையைப் பொறுப்பேற்றவர். அரங்கின் முதற் பெருவிழா அரசர்களின் விழாவன்று. தொழிலாளர் ஒலிம்பிக் விழா. ஒரு மருத்துவர் நகரசபைக்குச் சென்றால் காசநோய்க்கு மருந்து மட்டுமன்று, வெயிலும் திறந்த வெளியும் ஓட்டமும் கூட மருந்தென்று கருதினார். டாண்ட்லரின் பெயர் அவ்வரங்குக்கு இடப்படவில்லை. பிற்காலத்தில், 1992இல், உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவரின் பெயர் இடப்பட்டது. இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு: 1939இல் நாஜிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அதே அரங்கின் கலரிகளுக்குக் கீழே அடைத்து வைத்தார்கள். அரங்கு தானாக நன்மையும் தீமையும் செய்வதில்லை. சாவி யார் கையில் என்பதே எப்போதும் கேள்வி.

ஆகவே சுகததாசவின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரை இடவேண்டும் என்று நான் கோரவில்லை. பெயர் மாற்றும் போராட்டங்களில் நமது சக்தியை வீணாக்கியது போதும். அவற்றை ஆளும் வர்க்கமே விரும்பி நடத்துகிறது. நான் கோருவது சிறிய விஷயங்கள். சர்வதேசப் போட்டியும் கட்சி மாநாடும் இல்லாத நாட்களில், பாடசாலை விட்டபின், புளூமெண்டலிலும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வாழும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி அத்திடலின் ஒரு பகுதியேனும் திறக்கப்படட்டும். வாரத்தில் இரண்டு மாலைகள் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்படட்டும். வட கொழும்பு மக்கள் 1932இலேயே ஒரு பெண்ணைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பியவர்கள், இதனை எதிர்க்க மாட்டார்கள். பன்மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுமதி கொடுக்குமுன், வாகனத் தரிப்பிடம் எங்கே என்று கேட்பது போலவே மைதானம் எங்கே என்றும் மாநகர சபை கேட்கட்டும்.

இவ்வட்டாரப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணிக்கும்போது 'நான் ஒரு பேனா', 'மழைக்காலம்' என்னும் தலைப்புகளைச் சிறிது காலம் ஒத்தி வையுங்கள். நீ எங்கே விளையாடுகிறாய், எத்தனை மணிக்கு, யாருடன், யார் உன்னை அங்கிருந்து விரட்டுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் எழுதித் தரும் விடைகளைச் சேர்த்து மாநகர சபைக்கு அனுப்பலாம், இப்பத்திரிகைக்கும் அனுப்பலாம்.